ஜால்ராவும் ஆமாவும்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மன்றச் செயலாளர் கேட்டபோது, "இலக்கிய மாணவர்கள் இத்தனை பேர் இருக்க என்னைக் கேட்கலாமா?" என்றேன். "கவிதைகள் பதினேழு வந்துவிட்டன. பதினேழிலும் நிலா இருக்கிறது. நீங்கள் விஞ்ஞானம் படிக்கிறவர், நிலா இல்லாமல் ஏதாவது எழுதிக் கொடுங்கள்" என்றார் அவர். ஆகவே, நண்பர்களே, நிலா இல்லாத கட்டுரை இது. பழைய கேசட் ஒன்றை வீட்டார் கேட்கும்படி கோப்பு மாற்றப் போய் நான் செய்த பிழை ஒன்றைச் சொல்லப் போகிறேன்.

எங்கள் வீடு நெருளில், ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடைத் தொலைவில் இருக்கிறது. அதற்கு முன் தாராவி. தாத்தா திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியில் தோல் பதனிடும் ஆலை ஒன்றில் வேலை பார்த்தார். நான் பிறக்கும் முன்பே காலமாகிவிட்டார். ஆச்சி எங்களோடு இருக்கிறார். நகரத்தின் பெயர் 1995இல் மும்பை ஆகியும் ஆச்சிக்கு அது பம்பாய்தான். அதிலும் நெருள் பம்பாயே அன்று என்பது அவர் கட்சி. வாசிப் பாலத்தை ரயில் தாண்டிவிட்டால் அவர் கணக்கில் வெளியூர் வந்துவிட்டது.

தாத்தாவின் புகைப்படம் இரண்டு உண்டு. குரல் இருந்தது ஒரே ஒரு கேசட்டில். 1987ஆம் ஆண்டு எங்கள் பழைய தெருவில் நடந்த கொடைவிழாவில் வில்லுப்பாட்டு வைத்தார்கள். அதை யாரோ ஒரு பெரிய டூ-இன்-ஒன் பெட்டியில் பிடித்திருக்கிறார்கள். சுடலைமாடன் கதை, தொண்ணூறு நிமிடம். அந்தக் குழுவில் தாத்தாவும் ஒருவர். பாட்டுக்காரர் அல்லர். ஜால்ரா போடுபவர்.

வில்லுப்பாட்டை மேடையில் பார்த்திராத நண்பர்களுக்காகச் சில வார்த்தைகள். சுப்பு ஆறுமுகம் அவர்களைத் தொலைக்காட்சியிலேனும் பார்த்திருப்பீர்கள். 2021இல் பத்மஸ்ரீ பெற்று, அடுத்த ஆண்டு காலமான கலைஞர். மணிகள் கட்டிய நீண்ட வில் நடுவே இருக்கும். புலவர் வீசுகோலால் நாணைத் தட்டிப் பாடுவார். பக்கத்தில் குடம், உடுக்கை, ஜால்ரா. பாட்டு நின்று பேச்சாகக் கதை நடக்கும்போது, புலவர் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துவார்; பக்கத்தில் இருப்பவர்கள் "ஆமா" என்பார்கள். அந்த ஆமா இல்லாவிட்டால் கதை நகராது. ஜால்ரா போடுவதும் ஆமா சொல்வதும் அலுவலகத்தில் ஏச்சு. வில்லடி மேடையிலோ அஃது ஒரு பதவி. தாத்தா அந்த இரண்டு பதவிகளையும் சேர்த்து வகித்தார்.

சென்ற தீபாவளி விடுமுறையில் கேசட்டைக் கணினியில் ஏற்றிவிடுவது என்று தீர்மானித்தேன். ஆய்வுக்கூடத்து மூத்த மாணவர் ஒருவர் கேசட் டெக்கையும், ஒலியை எண்ணாக மாற்றித் தரும் சிறு பெட்டியையும் இரவல் கொடுத்தார். பௌதிகம் படிப்பவன் செய்கிற வேலையாயிற்றே, குறைவாகவா செய்வேன்? நொடிக்கு 96,000 தடவை அளவெடுக்கும்படி வைத்தேன். ஒவ்வோர் அளவும் 24 பிட். இதற்குத்தான் உயர்தெளிவு ஒலி என்று கடையில் பெயர். இரண்டு பக்கமும் ஏறி முடிந்தபோது வேவ் கோப்புகள் 3.1 ஜிகாபைட் நின்றன. அந்த எண்ணைப் பார்த்து எனக்கு உண்டான பெருமையை இன்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

ஏனெனில் எண் பாத்திரத்தின் அளவே தவிரப் பாலின் அளவு அன்று. மனிதக் காது நொடிக்கு 20 முதல் 20,000 அதிர்வுவரை கேட்கும். வயது ஏற ஏற மேலெல்லை இறங்கும். ஓர் அதிர்வைப் பிழையின்றிப் பிடிக்க அதன் இரட்டிப்புக்குச் சற்று மேலாக அளவெடுத்தால் போதும் என்பது நைக்விஸ்ட் 1928இலும் ஷானன் 1949இலும் எழுதியவற்றால் நிலைபெற்ற உண்மை. 1982இல் வந்த குறுந்தகடு 44,100 என்று வைத்துக்கொண்டது அதனால்தான். 96,000 அளவுகளில் 48,000 அதிர்வுவரை பிடிக்கலாம். அவ்வொலி வௌவாலுக்குப் பயன்படும். சாதாரணக் கேசட்டிலோ பதினைந்தாயிரம் அதிர்வைத் தாண்டி ஏதேனும் ஒழுங்காக இருந்தாலே அதிகம். நாலு மில்லிமீட்டர்கூட அகலமில்லாத நாடா, நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போகிறது. அதனிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

பிட் கணக்கும் அவ்வாறே. 16 பிட்டில் ஒலியின் உயரத்தை 65,536 படிகளாகப் பகுக்கலாம். 24 பிட்டில் ஒரு கோடியே 67 லட்சத்துக்கு மேற்பட்ட படிகள். மிக மெல்லிய ஒலிக்கும் படி கிடைக்கிறது. ஆயினும் கேசட் நாடாவின் சொந்த இரைச்சல், 16 பிட்டின் கடைசிப் படியைவிடப் பன்மடங்கு உயரத்தில் இருக்கிறது. வெள்ளம் மூழ்கடித்த படித்துறையில் அடிப்படிகளுக்குப் பளிங்கு பதித்தது போல.

இதை நான் சோதித்தும் பார்த்தேன். 96,000 கோப்பையும், அதிலிருந்து மாற்றிய குறுந்தகட்டு அளவுக் கோப்பையும் எது எது என்று தெரியாதபடி நண்பர் ஒருவர் போட்டுக் காட்ட, இருபது தடவையில் பதினொரு தடவை சரியாகச் சொன்னேன். நாணயத்தைச் சுண்டியிருந்தாலும் ஏறத்தாழ அவ்வளவுதான் கிடைத்திருக்கும். பெரியவர்களின் ஆய்வும் இதற்கு வெகுதூரத்தில் இல்லை. 2007இல் மேயர், மோரன் என்ற இருவர் வெளியிட்ட சோதனையில், உயர்தெளிவு ஒலியைக் குறுந்தகட்டு அளவுக்குக் குறைத்தபோது கேட்டவர்களால் வேறுபாடு காண இயலவில்லை. 2016இல் லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழகத்து ஜோஷுவா ரெய்ஸ் பல ஆய்வுகளை ஒன்றாகக் கூட்டிக் கணக்கிட்டு, வேறுபாடு தெரியத்தான் செய்கிறது என்றார். எவ்வளவு என்றால், சரியான விடை நூற்றுக்கு 52 சொச்சம்.

அப்படியானால் 96,000 வீணா? வீட்டில் கேட்பதற்கு வீண். வைத்துக் காப்பதற்கு வீணன்று. ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கம், பழைய நாடாக்களை ஏற்றும்போது குறைந்தது 48,000மும் 24 பிட்டும் வேண்டும், 96,000 நன்று என்று வழிகாட்டுகிறது. பின்னால் வருகிறவர்கள் வேகத்தைத் திருத்தலாம், ஒலியளவைக் கூட்டலாம். அதற்கெல்லாம் கையிருப்பு வேண்டும். மூலம் ஒன்று, கேட்கும் பிரதி வேறு. இந்த ஒரு வரி எனக்கு அன்று தெரிந்திருக்க வேண்டும். வாசித்திருந்தேன், தெரிந்திருக்கவில்லை.

எங்கள் வீட்டு ஒலிப்பெட்டி அப்பா வாங்கியது. பென்டிரைவைச் செருகினால் பாடும். ஆனால் எம்பி3 என்ற ஒரு பாஷைதான் அதற்குத் தெரியும். வேவ் கோப்பைக் கொடுத்தேன், மௌனம் சாதித்தது. ஃபிளாக் கோப்பைக் கொடுத்தேன், அதற்கும் மௌனம்.

ஃபிளாக் என்பதைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். 2001இல் ஜோஷ் கோல்சன் என்பவர் வெளியிட்டது. யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். அடுத்த அளவு என்னவாக இருக்கும் என்று முன்னவற்றைக் கொண்டு ஊகித்து, ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதிவைக்கும் முறை. வித்தியாசம் சிறிய எண். ஆகவே இடம் மிச்சம். புடவையை மடித்துப் பெட்டியில் வைப்பது போல. விரித்தால் அதே புடவை, ஒரு நூல்கூடக் குறையாது. என் 3.1 ஜிகாபைட் ஏறக்குறைய 1.9 ஆயிற்று. இன்னும் குறையாததற்குக் காரணம் நாடாவின் இரைச்சல். இரைச்சலை யாராலும் ஊகிக்க முடியாதல்லவா?

எம்பி3 அப்படியன்று. அது கத்தரிக்கோல். பலத்த ஒலிக்குப் பக்கத்தில் மெல்லிய ஒலி காதுக்கு எட்டாது என்ற உண்மையை வைத்துக்கொண்டு, எட்டாதவற்றை எறிந்துவிடும். நொடிக்கு 320 கிலோபிட் கொடுத்தால் நாகரிகமாக எறியும். 128 கொடுத்தால் கண்மூடித்தனமாக எறியும். எறிந்ததைத் திரும்பப் பெற வழியில்லை. எங்கள் வகுப்பில் ஒரு நண்பர், 128இல் இருந்த திரைப்பாடல்களையெல்லாம் 24 பிட் ஃபிளாக்காக மாற்றி, "என்னிடம் உயர்தெளிவு ஒலி ஆயிரம் பாட்டு இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வற்றலை எத்தனை நாள் ஊறவைத்தாலும் பச்சைச் சுண்டைக்காய் ஆகுமா? அலைவரிசைப் படம் போட்டுக் காட்டினேன். பதினாறாயிரத்துக்கு மேல் கத்தியால் வெட்டியது போல் வெறுமை. அன்றிலிருந்து அவர் என்னோடு அவ்வளவாகப் பேசுவதில்லை.

இவ்வளவு தெரிந்த நான் செய்ததைக் கேளுங்கள்.

நாடாவின் "சர்ர்" என்ற இரைச்சல் எனக்குப் பிடிக்கவில்லை. இலவச மென்பொருள் ஒன்றில் இரைச்சல் நீக்கும் கருவி இருந்தது. பாட்டுத் தொடங்குமுன் உள்ள வெற்று இரைச்சலை அதற்கு மாதிரியாகக் காட்டினேன். அந்த மட்டத்துக்குக் கீழே இருப்பதையெல்லாம் துடைக்கச் சொன்னேன். நன்றாகத் துடைக்கட்டும் என்று அளவையும் கூட்டிவைத்தேன். துடைத்தது. வெள்ளை வேட்டி போல் ஆயிற்று ஒலி. மகிழ்ந்து, முதற்பக்கத்தை அதே பெயரில், அதே இடத்தில், மூலத்தின் மேலேயே சேமித்துவிட்டேன். பிறகு 128 கிலோபிட் எம்பி3. இரண்டு பக்கமும் சேர்த்தால்கூட 86 மெகாபைட்தான் வரும்! கணக்குப் போட்டு மெச்சிக்கொண்டேன்.

அன்று மாலை ஆச்சியை ஒலிப்பெட்டி அருகே உட்காரவைத்துப் போட்டேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார். புலவர் காப்புப் பாடினார், கதை தொடங்கிற்று. ஆச்சி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். கால்மணி ஆயிற்று. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ஏல, உங்க தாத்தா எங்கல?" என்றார்.

"தாத்தா பாடலையே ஆச்சி. ஜால்ராதான போட்டாங்க?"

"அது எனக்குத் தெரியாதால? ஆமா சொல்லுவாகள்லா, அத எங்க? புலவர் பேசுதாரு, குடம் கேக்கு. இவுக சத்தத்தையே காணமே. ஜால்ராவும் என்னமோ மண்ணள்ளிப் போட்ட மாதிரில்லா கேக்கு."

நான் திடுக்கிட்டேன். உள்ளே போய்க் காதுக்கருவி மாட்டிக்கொண்டு கேட்டேன். ஆச்சி சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை.

டூ-இன்-ஒன் பெட்டியைப் புலவரின் எதிரில் வைத்திருக்கிறார்கள். தாத்தா உட்கார்ந்திருந்தது ஓரத்தில். அவருடைய "ஆமா" நாடாவின் இரைச்சலுக்குச் சற்றே மேலும், சில இடங்களில் அதனுள் அமிழ்ந்தும் இருந்திருக்கிறது. மனிதக் காது இரைச்சலுக்குள்ளும் பழகிய குரலைப் பிரித்தெடுக்கும். கருவிக்கு அந்தப் பழக்கம் ஏது? மட்டத்துக்குக் கீழ் இருந்ததைக் குப்பை என்றது, துடைத்தது. நானும் அதைத்தானே சொல்லியிருந்தேன்?

ஜால்ராவைக் கெடுத்தது எம்பி3. அந்த முறை ஒலியைச் சிறு சிறு காலத்துண்டுகளாக எடுத்துக்கொள்கிறது. கழித்தலால் உண்டாகும் பிழை துண்டு முழுவதும் பரவும். இழைந்து வரும் குரலில் அது மறைந்துவிடும். ஜால்ராவோ ஊசிமுனை போல் திடீரென்று எழும் ஒலி. பிழை, தட்டுக்கு முன்னாலேயே வந்து நிற்கும். ஒவ்வொரு தட்டும் கூர் மழுங்கி "ஸ்ஸ்" என்று ஆகிவிட்டது. மண்ணள்ளிப் போட்ட மாதிரி என்பதைவிட நல்ல வருணனை எந்தப் பாடநூலிலும் நான் படிக்கவில்லை.

தாத்தாவின் குரல், தாத்தாவின் தாளம் என்ற இரண்டையும் ஒரே பிற்பகலில் கழித்துவிட்டு மற்றெல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருந்தேன்.

இரண்டாம் பக்கத்தின் மூலம் பிழைத்திருந்தது. அதை இன்னும் நான் தொடவில்லை. முதற்பக்கத்துக்குக் கேசட்டிடமே திரும்பப் போக வேண்டியதாயிற்று. டெக்கில் போட்டேன். நாலு நிமிடம் ஓடிற்று. பிறகு ஒரு முனகல். நாடா உருளையில் சுற்றிக்கொண்டது. அந்த நிமிடத்தில் எனக்கு வயிறு கலங்கியதை அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை.

நாடாவை அறுக்காமல் எடுக்க ஒரு மணி நேரம் பிடித்தது. தலைக்கு எதிரே நாடாவை அழுத்திப் பிடிக்கும் சிறு கம்பளித் துண்டு பசை விட்டு விழுந்திருந்தது, கூடும் நெளிந்திருந்தது. கிராண்ட் ரோடு பக்கம் லாமிங்டன் ரோடு என்ற வீதியைத் தெரியாத விஞ்ஞான மாணவர் இந்நகரில் இருக்க முடியாது. அங்கே அலைந்து, திருகாணி போட்டு மூடிய வெற்றுக் கேசட் இரண்டு வாங்கிவந்தேன். பழைய கூடு ஒட்டுக்கூடு. அதைப் பிளந்து, நாடாச் சுருள்களைப் புதுக் கூட்டுக்கு மாற்றினேன். அம்மா டார்ச் பிடித்தார். "இதென்ன பிள்ளப்பேறு மாதிரி இருக்கு" என்றார். கசங்கிய இடத்தை விரல்நுனியால் நீவிவிட்டு, மின்விசிறியை அணைத்துவிட்டு, மறுபடி ஓட்டினேன். ஓடிற்று. கசங்கிய பகுதி மட்டும் பதினொரு நொடி நீருக்குள்ளிருந்து பேசுவது போல் வந்தது. மற்றவை நின்றன.

இம்முறை செய்த மாற்றம் இது. 96,000, 24 பிட் மூலத்தை ஃபிளாக்காக்கி மூன்று இடங்களில் வைத்தேன். ஒன்று அப்பாவின் அலமாரியில் துணிகளுக்கு அடியில். ஃபிளாக் கோப்பின் தலையிலேயே மூல ஒலியின் சரிபார்ப்பு எண் எழுதப்பட்டிருக்கும். ஓர் எண் மாறினாலும் காட்டிக்கொடுத்துவிடும். மூலத்தை இனி எழுத முடியாதபடி பூட்டினேன். கேட்கும் பிரதிக்கு 44,100 வேண்டாம், 48,000 எடுத்தேன். 96,000க்கு அது சரிபாதி. 44,100 என்றால் 320க்கு 147 என்ற விகிதத்தில் இடைமதிப்புகளைக் கணக்கிட வேண்டும். இன்றைய மென்பொருள்கள் இரண்டையும் பழுதின்றிச் செய்யும். ஆயினும் பாதி என்பது என் மனத்துக்குச் சுகம். 24இலிருந்து 16 பிட்டுக்கு இறங்கும்போது சிறிதளவு இரைச்சலை வேண்டுமென்றே சேர்க்கச் சொல்வார்கள். இல்லையேல் மிக மெல்லிய ஒலிகள் படிகளுக்கிடையே விழுந்து கரகரப்பாக மாறிவிடும். என் நாடாவில் அந்த வேலைக்கு வேண்டிய இரைச்சல் ஏற்கனவே தாராளமாக இருந்தது. அந்த இரைச்சலைத்தான் நான் பகைவனாக நினைத்தேன். பிறகு ஒலிப்பெட்டிக்காக 320 கிலோபிட் எம்பி3. இரண்டு பக்கமும் 216 மெகாபைட். துடைப்பம் எடுக்கவே இல்லை.

ஒரு நண்பர் இதைக் கேட்டுவிட்டு, "இரைச்சல் நீக்குவதே தவறு என்கிறாயா?" என்றார். அப்படிச் சொல்லவில்லை. பிரதியில், அளவாக, யாருடைய குரல் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர் பக்கத்தில் இருக்கச் செய்யலாம். எங்கள் வீட்டில் அது தெரிந்தவர் ஆச்சி ஒருவரே. அவரை நான் கேட்கவில்லை.

இரண்டாம் முறை போட்டபோது ஞாயிற்றுக்கிழமை. அப்பாவும் இருந்தார். "சர்ர்" என்ற இரைச்சல் எழுந்ததுமே ஆச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். கதைப் பேச்சில் புலவர் நிறுத்தினார். தூரத்தில், கிணற்றுக்குள்ளிருந்து போல, "ஆமா". அப்பா சட்டென்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் அந்தக் குரலைக் கேட்டு முப்பது ஆண்டு ஆகியிருக்கும். நான் கெடுத்த கோப்பில் தாத்தாவின் ஆமா பதினாலுதான் எஞ்சியிருந்தது. இதில் அறுபதுக்கு மேல் எண்ணினேன். ஆச்சி எண்ணவில்லை. ஒவ்வோர் ஆமாவுக்கும் மோவாயை லேசாக அசைத்துக்கொண்டிருந்தார்.

கசங்கிய இடம் வந்தது. புலவரின் பேச்சு நீருக்குள் அமிழ்ந்து, குழைந்து, நின்றது. ஆமா வர வேண்டிய இடத்தில் நாடா முனகியது.

"ஆமா" என்றார் ஆச்சி.

கதை மேலே நடந்தது.

இப்போது செம்பூரிலிருந்து ஒரு நண்பர், தம் வீட்டுக் கல்யாண நாதஸ்வரக் கேசட் நாலு பூஞ்சணம் பிடித்துக் கிடப்பதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார். நெருளிலிருந்து ஆறாவது நிலையம். டெக்கை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை; மூத்த மாணவர் இதைப் படித்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். வருகிற ஞாயிறு அதைத் தூக்கிக்கொண்டு போகிறேன். அந்த வீட்டுப் பாட்டியம்மாவையும் பக்கத்தில் உட்காரவைக்கும்படி சொல்லியிருக்கிறேன்.